ரெண்டாவது மெஷின் எழவில்லை

முதல் மெஷின் செத்துவிட்டது, ரெண்டாவது எழ மாட்டேன் என்கிறது, திரையில் ஒரே ஒரு வரி, காத்திருக்கிறது, காத்திருக்கிறது என்று மினுக்கிக்கொண்டே நிற்கிறது, எதுக்காகக் காத்திருக்கிறது என்று நவநீதனுக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் வாய் உலர்ந்துபோய் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஏசி காற்று கழுத்துக்குப் பின்னால் ஊதுகிறது, ஆனால் அக்குளில் வேர்க்கிறது. மெஷின் அலமாரிக்கு மேலே ஆயுத பூஜைக்கு வைத்த எலுமிச்சை சுண்டிக் கறுத்துக் கிடக்கிறது, எடுத்துப் போட யாருக்கும் தைரியம் இல்லை. கதவைத் திறந்து பரிமளா தலையை நீட்டினாள், ஓபி சீட்டுப் போடுகிற பெண். "அண்ணா, வெளிய அடிக்க வர்றாங்க. ஒரு தாத்தா என்னைப் பாத்து, ஏம்மா நீ படிச்சுதான் வந்தியான்னு கேக்கறாரு." இதோ வந்துரும் பரிமளா என்றான். "இதோன்னா எப்பண்ணா?" இதோன்னா இதோ. கதவு மூடிக்கொண்டது. இதோ என்கிற வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை, அதுக்குள்ளே ஒன்றுமே கிடையாது, காலி டப்பா. அவன் அதை வாழ்க்கையில் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறான். அதை நினைக்க வேண்டாம். இப்போது நினைக்க வேண்டாம்.

நோயாளிகளின் பைலெல்லாம் ரெண்டு கம்ப்யூட்டரில் இருக்கிறது, இங்கே ஈரோட்டில் ஒரு மெஷின், கோயமுத்தூரில் ஒரு மெஷின். இங்கே எதை எழுதினாலும் அங்கே அனுப்பி, அங்கிருந்து "வந்துருச்சு" என்று பதில் வந்த பிறகுதான் இங்கே எழுதினதாகவே கணக்கு. அவ்வளவுதான் விஷயம். ஒன்று செத்தால் இன்னொன்று எழுந்து வேலையைப் பார்க்கும், ஒரு எழுத்துக்கூடத் தொலையாது, இதைச் சொல்லித்தான் கம்பெனிக்காரன் விற்றான், ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான பெரியவரும் தலையாட்டி வாங்கினார். ஆனால் ஒன்றை யாரும் கேட்கவில்லை. வந்துருச்சு என்றால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அதைப் பிரித்து, அதனதன் இடத்தில் வைத்து முடித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. ரெண்டாவது மெஷின் வந்ததையெல்லாம் வாங்கி வாங்கி ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டு, சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். முதலாளியாக எழ வேண்டிய நேரம் வரும்போதுதான் தெரியும் எவ்வளவு பாக்கி கிடக்கிறது என்று. அந்தக் குவியலை வரிசை மாறாமல் முடித்தால்தான் எழ முடியும். நடுவில் ஒன்று நின்றால் அதுக்குப் பின்னால் இருக்கிற எல்லாமே நிற்கும். சரிக்கா. கிளம்பிடறேன்க்கா. சரி சரி, நீ வை, நான் வர்றேன். பெங்களூரில் முன்பு வேலை பார்த்த ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு ஒரு காதில் போனும் இன்னொரு காதில் மீட்டிங்குமாக அவன் சொன்னான், அக்கா நம்பினாள். யாராக இருந்தாலும் நம்புவார்கள். சரி என்றால் முடிந்தது என்றுதானே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

மேஜை போன் அடித்தது. பிரசவ வார்டு ரெஜினா சிஸ்டர். அவர் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும், இப்போது நிஜமாகவே சண்டை. "ஏன் தம்பி, நீங்க அங்க தூங்கறீங்களா முழிச்சிருக்கீங்களா? ஒரு பேஷண்டோட பைலைத் தொறக்கச் சொன்னா சுத்திக்கிட்டே இருக்குது." சிஸ்டர், ரெண்டாவது சிஸ்டம் எழுந்துட்டிருக்கு. "எழுந்து பல்லு வெளக்கிட்டு வர்ற வரைக்கும் இந்தப் புள்ள தாங்காது. தேன்மொழின்னு பேரு. குழந்தைக்குத் துடிப்பு எறங்குது, கிழிச்சு எடுக்கணும். போன பிரசவமும் இங்கதான். அப்ப ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காம மூச்சே நின்னுபோச்சாம். எந்த ஊசின்னு கேட்டா வூட்டுக்காரர் 'ஏதோ தண்ணியாட்டம் இருந்துச்சுங்க'ங்கறாரு. எல்லா ஊசியும் தண்ணியாட்டம்தான்யா இருக்கும்! மயக்க டாக்டர் அது தெரியாம கை வெக்க மாட்டேன்னு நிக்கறாரு." பழைய பேப்பர் பைல்? அவனே கேட்டான், கேட்கும்போதே பதில் தெரியும். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெஷினில் ஏற்றிவிட்டு எடைக்குப் போட்டாயிற்று, லாரி வந்து அள்ளிக்கொண்டு போனதை அவனும் நின்று பார்த்தான். "பேப்பரா? நல்லாக் கேட்டீங்க." போன் வைக்கப்பட்டது. வைக்கிற சத்தத்துக்கு முன்னால் பின்னணியில் ஒரு பெண் முனகியது கேட்டது. கேட்டதா, அவனாக நினைத்துக்கொண்டானா? கேட்டது. தேன்மொழி. பேர் தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பேர் தெரிந்துவிட்டால் ஆள் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது. இதுதான் காரணம், சிரிப்பு வருகிறது, ஆனால் இதுதான் காரணம். மெஷினுக்குள்ளேயும் குப்பை சேரும். அழித்த வரிகள் உடனே போய்விடாது, செத்த மாதிரி அங்கேயே கிடக்கும், பின்பக்கமாக ஒரு வேலை ஓடி அதையெல்லாம் கூட்டித் தள்ளும். உலகத்தில் எல்லாரும் அதை ராத்திரி வைப்பார்கள், ஆள் இல்லாத நேரத்தில். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. ஏழு வருஷம் தாண்டின இறந்தவர்களின் பைலை எடுத்துவிடலாம் என்று முடிவானபோது பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார், எப்பங்க தம்பி அழிப்பீங்க? ராத்திரிங்க ஐயா. அவர் முகம் மாறிவிட்டது. "வெளக்கு வெச்சப்புறம் வூட்டையே கூட்ட மாட்டோம். செத்தவங்க பேரைப் போயி ராத்திரியில கூட்டித் தள்ளுவீங்களா? ஆஸ்பத்திரி வெளங்குமா?" பகலில் வைத்தால் நோயாளிகள் வருகிற நேரம்ங்க ஐயா என்று கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் சுகந்தி மேடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அதுக்குத்தானே ரெண்டு மெஷின் வாங்கிக் குடுத்திருக்குது?" முடிந்தது. அதிலும் திங்கட்கிழமை, ராகு காலம் முடிந்த பிறகு. ராகு காலம் முடிகிற நேரமும் ஓபியில் கூட்டம் முட்டுகிற நேரமும் ஒன்று. காலையில் அழித்தல் ஓடியது, பின்னாலேயே பெருக்குகிற வேலை ஓடியது, பெருக்கினேன் பெருக்கினேன் என்கிற செய்தி மூட்டை மூட்டையாக ரெண்டாவது மெஷினுக்குப் போனது, அந்த நேரம் பார்த்து முதல் மெஷின் புகைந்துபோனது. அம்மா பெருக்கினாள். அக்காவை மாமா பைக்கில் உட்காரவைத்து, போர்வையைச் சுற்றி, காய்ச்சலோடு இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினதும் அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். ஆள் கிளம்பின கையோடு பெருக்கக் கூடாது என்று ஊருக்கே சொல்கிறவள். கை சும்மா இருக்க மாட்டேங்குது சாமி, அதான், என்று அப்புறம் சொன்னாள், அப்புறம் அப்புறம் அதையே சொன்னாள். இப்போதும் அவன் காலையில் வேலைக்குக் கிளம்பினால் அவன் திரும்பி வருகிற வரைக்கும் வீட்டில் விளக்குமாறு எழாது. சோற்றுப் பருக்கை காய்ந்து தரையில் ஒட்டிக் கிடக்கும், அம்மா அதைச் சுற்றி நடந்து போவாள். அவன் ஒன்றும் சொல்வதில்லை. தானும் அதே மாதிரி ஒன்றைச் சுற்றித்தானே நடந்துகொண்டிருக்கிறான்.

ஜன்னல். மேஜையில் ரெண்டாவது திரை, ஓரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல், அதில் ஒரே ஒரு பைல். அக்காவுடையது. கோமதி, வயது முப்பத்தொன்று. முழுக்க இங்கிலீஷ், தட்டணுக்கள், ரத்த அழுத்தம், குறைந்தது, இன்னும் குறைந்தது, நடுவில் ஒரு நர்ஸ் மட்டும் எதுக்கோ தமிழில் தட்டியிருக்கிறாள். ‘தம்பி கிளம்பிட்டானா என்று கேட்கிறார். தண்ணீர் கொடுக்கப்பட்டது.’ அவ்வளவுதான். அதுக்கு அடுத்து மறுபடி இங்கிலீஷ், மறுபடி எண்கள், அப்புறம் ஒன்றும் இல்லை. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இங்கே பாதிச் சம்பளத்துக்கு வந்தபோது எல்லாரும் சொன்னார்கள், பையன் அம்மாவுக்காக வந்துட்டான், தங்கமான பையன். அம்மாவுக்காக இல்லை. இந்த வரிக்காக. இது எங்கேயோ ஒரு மெஷினில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு ஊரில் தூக்கம் வரவில்லை. தினமும் வந்து உட்கார்ந்ததும் ரெண்டாவது மெஷினில் அதைத் திறப்பான், படிப்பான், மூடுவான். சாமி கும்பிடுகிற மாதிரி இல்லை, புண்ணில் பொருக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற மாதிரி. இன்றைக்கு அழித்தல் ஓடுவதற்கு முன்னால் திறந்தான், ஆனால் மூடவில்லை. இந்த நொடியில் உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே எனக்குக் காட்டிக்கொண்டிரு என்று மெஷினிடம் சொல்லிவைக்க ஒரு வழி இருக்கிறது. அப்படிச் சொல்லிவைத்தான். ஒரு நாள். இன்னும் ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும், சாயங்காலம் நானே மூடிவிடுகிறேன். அதில் என்ன தப்பு? பெருக்குகிறவன் வந்து வாசலில் நிற்பான், உள்ளே ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பான். எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்றுதான் சொல்லிவைத்திருக்கிறது, நீளமான ரிப்போர்ட்டெல்லாம் பாதியில் அறுந்துபோகிறது என்று டாக்டர்கள் சத்தம் போட்டதால். காத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக எல்லாமும் காத்திருக்கிறது. எல்லாருக்கும் பின்னால் தேன்மொழி.

செல்போன் அதிர்ந்தது. சுகந்தி மேடம். கோபியில் சொந்தக்காரர் கல்யாணம், முகூர்த்த நேரம், நாதஸ்வரத்துக்கு மேலே கத்துகிறார். "நவநீ! எழுந்துருச்சா?" இல்லீங்க மேடம், பாக்கி ஓடிட்டிருக்கு. "பாக்கி இவ்வளவு நேரம் ஓடாதே. எதையாவது புடிச்சுட்டு நிக்குதா?" கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று யாரோ அலறினார்கள், மேளம் அப்படியே கொட்டித் தீர்த்தது, அந்தச் சத்தத்துக்குள்ளே ஒளிந்துகொண்டு அவன் சொன்னான், பாக்கறேனுங்க மேடம். பொய். பார்க்க என்ன இருக்கிறது, கண்ணுக்கு எதிரே இருக்கிறது. "எவனாவது ரிப்போர்ட்டைத் தொறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அடிச்சு வெளியே தள்ளு. என்ன?" சரிங்க மேடம். வைத்தாயிற்று. சரிங்க. மறுபடி சரி. மேடத்துக்கு இப்போது மனசு லேசாகியிருக்கும், அட்சதையை எடுத்துப் போட்டிருப்பார், வேலை முடிந்தது என்று.

அடிச்சு வெளியே தள்ளு. ஒரு வரி தட்டினால் போதும், ஜன்னல் மூடும், பெருக்குகிறவன் உள்ளே வருவான், அந்த இடம் காலியாகும், அங்கே வேறு யாருடைய சர்க்கரை அளவோ வந்து உட்காரும். அவன் தட்ட ஆரம்பித்தான், பாதியில் விரல் நின்றது. வேறு வழி இருக்கும். முதல் மெஷினை எழுப்பினால்? புகை நாற்றம் இன்னும் அறைக்குள்ளே இருக்கிறது, அதை எழுப்ப முடியாது. ரெண்டாவதை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால்? அப்போதும் ஜன்னல் போகும். இதிலேயே தேன்மொழி பைலைத் திறக்கலாமென்றால், எழ ஆரம்பித்த மெஷின் எழுந்து முடிகிற வரைக்கும் புதுசாக எதையும் திறக்காது. மூட்டையில் அந்த ஒன்றை மட்டும் தாண்டச் சொன்னால்? தாண்டாது, வரிசை மாறாது, வரிசை மாறினால் எதையுமே நம்ப முடியாது. எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. தம்பி கிளம்பிட்டானா. பெங்களூரில் அன்றைக்கும் இப்படித்தான் ஒரு சிஸ்டம் படுத்துக் கிடந்தது, அதை எழுப்பிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தான், எழுந்தது, கைதட்டினார்கள், மேனேஜர் தோளில் தட்டினான், அதுக்கப்புறம்தான் பஸ் ஏறினான். தர்மபுரி தாண்டும்போது மாமா போன் பண்ணினார், எங்கடா வர்றே என்று மட்டும் கேட்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் கேள்வியில் இருந்த மெதுத்தன்மையில் எல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தார். அவனுக்கும் நீட்டினார். அவன் ஒரு கை வாங்கித் தின்றான். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அக்கா செத்த சேதி தெரிந்த பிறகு சோளப்பொரி தின்றான், உப்பாக நன்றாக இருந்தது. இந்த வரி போய்விட்டால் அக்கா அவனைக் கேட்டதுக்கு உலகத்தில் சாட்சியே கிடையாது. அம்மாவுக்குத் தெரியாது. அப்போது மருந்து வாங்கப் போயிருந்த மாமாவுக்கும் தெரியாது. தட்டின நர்ஸ் யாரோ, கல்யாணமாகி எங்கே போனாளோ. அவனிடம் மட்டும்தான் இருக்கும், அவனிடம் இருப்பது என்ன லட்சணம் என்று அவனுக்கே தெரியும். கொஞ்ச நாளில் மாற்றிவிடுவான். கேட்கவில்லை என்று ஆக்கிவிடுவான், இல்லை கோபமாகக் கேட்டாள் என்று ஆக்குவான், தனக்கு எது வசதியோ அப்படி. மெஷின் மாற்றாது. அதுதான் பயம். வரி போவது பயமில்லை, வரி போன பிறகு தான் என்ன ஆவோம் என்பதுதான் பயம். ஒருவேளை நிம்மதியாகிவிடுவானோ. ஐயோ, நிம்மதியாகிவிட்டால்?

மேஜை போன் மறுபடி அடித்தது. எடுத்தான். இந்தத் தடவை ரெஜினா சிஸ்டர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "தம்பி. டாக்டர் கேக்கறாரு. ஆகுமா ஆகாதா? ஆகாதுன்னா சொல்லிடுங்க, குருட்டாம்போக்குல ஏதோ ஒண்ணைப் போட்டுப் பாக்கறோம். ஒத்துக்கலைன்னா ரெண்டு உசுரு." அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு குரல், முனகல் இல்லை, தெளிவான குரல், பல்லைக் கடித்துக்கொண்டு யாரையோ திட்டியது. "யோவ், கபடிக்காரன் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவ, பொண்டாட்டிக்கு ஒத்துக்காத ஊசி பேரு ஒண்ணு தெரியாதா உனக்கு? நான் மட்டும் பொழைச்சு வந்தேன்னு வெய்யி..." அதுக்கு மேலே வலி வந்துவிட்டது. ஒரு ஆண் குரல் அழுதது. யாரோ சிரித்தார்கள், ரெஜினா சிஸ்டர்தான், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். நவநீதன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். இத்தனை நேரம் தேன்மொழி என்பவள் அக்கா படுத்திருந்த கட்டிலில் அக்காவின் முகத்தோடுதான் படுத்திருந்தாள், அவனே அப்படிப் படுக்கவைத்திருந்தான், இப்போது அந்த முகம் கழன்று விழுந்துவிட்டது. இவள் வேறு ஆள். யாரோ. உயிரோடு இருக்கிறாள், புருஷனை வெளுக்கப் பாக்கி வைத்திருக்கிறாள். "தம்பி? இருக்கீங்களா?" இருக்கேன் சிஸ்டர். போனை வைக்காதீங்க. இதோ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

இன்னொரு கையில் செல்போன் அதிர்கிறது. ரெண்டு காதிலும் ரெண்டு போன், மாடிப்படி, மீட்டிங், அதே நிற்பு, உடம்புக்கு ஞாபகம் இருக்கிறது. சுகந்தி மேடம் கல்யாணக் கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டார் போல, பின்னால் சத்தமே இல்லை, பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும். "நவநீ, அது உன்றதுதானே?" அவன் கண் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் போனது. "தினமும் காலைல உன்ற பேருலதான் அந்தப் பைல் தொறக்குது. யாரு எதைத் தொறக்கறாங்கங்கற லாக்கைப் பாக்காமயா நான் மேனேஜரா இருக்கேன்? யாரு என்னன்னு பாத்தேன். கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்." மேடம், என்றான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபம். "இன்னிக்கு அழிக்கப் போறோம்னு தெரிஞ்சும் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாம விட்டது என் புத்தி. இப்பக் கேளு. போன்ல கேமராவத் தொற. அந்த ஸ்கிரீனைத் தெளிவா ஒரு படம் எடு. நல்லா வந்திருக்குதான்னு பாத்துக்க. அப்புறம் மூடு. அஞ்சு நொடி, பத்து நொடி, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது. படம் எடுத்துட்டு மூடு. கேக்குதா சாமி?"

கேட்டது. சரி என்று அவன் சொல்லவில்லை. படம் எடுக்கலாம் என்பது அவனுக்கும் தெரியாததா, எத்தனை தடவை போனைத் திரைக்கு நேராகத் தூக்கியிருக்கிறான், எத்தனை தடவை இறக்கியிருக்கிறான். படம் எடுத்தால் அது படமாகிவிடும். மாலை போட்டுப் பொட்டு வைத்து மாட்டிவிடுவார்கள், அவனே மாட்டிவிடுவான். இப்போது அது கூடக் காரணம் இல்லை. அஞ்சு நொடி, பத்து நொடி. இதை முடிச்சுட்டு வர்றேன்க்கா, இது மட்டும் எழுந்துட்டா போதும், உடனே பஸ் ஏறிடறேன். செல்போன் கையிலேயே இருந்தது, கட்டைவிரல் கேமராவுக்கு மேலேயே இருந்தது. மேஜை போனில் தேன்மொழி மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாள். அவன் செல்போனைத் திரை கீழே போகும்படி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ரெண்டு கையாலும் அந்த ஒரு வரியை முழுசாகத் தட்டினான், அக்காவின் ஜன்னல் மூடியது, காத்திருக்கிறது என்பது போய்விட்டது, திரையில் வரிகள் கடகடவென்று இறங்க ஆரம்பித்தன, அந்தப் பக்கம் பைல் திறந்தது, ரெஜினா சிஸ்டர் யாருக்கோ ஒரு ஊசியின் பேரை எழுத்து எழுத்தாகக் கத்திச் சொன்னார், தியேட்டர் கதவு அறைந்து மூடியது. படம் எடுத்துட்டு மூடு என்று மேடம் சொல்லியிருந்தார். அவன் எடுக்கவில்லை.